திருக்கார்த்திகைத் தீபமும் தர்மபூத ஞானமும்

திருக்கார்த்திகை மாலையில் அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், பூவிருந்தவல்லி, திருமழிசை ஆகிய ஊர்களின் வீதிகளில் வாயில்தோறும் அகல்விளக்குகள் வரிசையாக ஒளிர்கின்றன. எம்பெருமான் ஸந்நிதிகளில் தீபம் ஏற்றிச் சொக்கப்பனை கொளுத்துகின்றனர். இத்தீபத்தின் பொருள் என்ன என்று வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: இருள் அஜ்ஞானம், ஒளி ஞானம், விளக்கேற்றுதல் அஜ்ஞானம் நீங்கி ஞானம் பெறுவதற்கு அடையாளம்.

இவ்விடையில் பிழை இல்லை. ஆயினும் இது முற்றுப்பெற்ற விடை அன்று. இதனை இவ்வளவில் நிறுத்தினால் இரண்டு மயக்கங்களுக்கு இடம் உண்டாகிறது. விளக்கேற்றுவதாகிய நம் செயலே ஞானத்தையும் பேற்றையும் விளைவிக்கும் ஸாதனம் என்று கொள்வது முதல் மயக்கம். ஆத்மா ஒரு சிறுசுடர் என்றும், அது பேரொளியாகிய பரமாத்மாவில் கலந்து தன்னை இழப்பதே மோக்ஷம் என்றும் கொள்வது இரண்டாவது மயக்கம். இவ்விரண்டும் எம்பெருமானார் தரிசனத்துக்கு ஒவ்வாதவை. பக்தியோடு தீபம் ஏற்றுவோரும் அறியாமலே இக்கருத்துகளைச் சொல்லக் கேட்கிறோம். ஆகையால் ஒளியைப்பற்றி நம் ஆசாரியர்கள் அருளிச்செய்தவற்றைத் திரட்டி நோக்குவது பயனுடைத்து.

திருநாளின் தொன்மையும் வைணவ வழக்கும்

கார்த்திகை விளக்கு தமிழ்நாட்டில் மிகப் பழைய வழக்கு. முழுமதி அறுமீனைச் சேரும் இரவில் மறுகெங்கும் விளக்கிட்டு மக்கள் கொண்டாடியதை அகநானூற்றின் 141-ஆம் பாட்டு காட்டுகிறது. களவழி நாற்பதிலும் கார்த்திகை விளக்கு உவமையாக வந்துள்ளது. பிற்காலத்தில் ஆகம வழிபாட்டோடு இவ்வழக்கு இணைந்தபோது, திருமால் திருக்கோயில்களில் அந்தந்த ஆகமத்தின் நிர்ணயப்படி நாள் வகுக்கப்பட்டது. பஞ்சாங்கங்களில் பாஞ்சராத்ர தீபம் என்று தனியே ஒரு நாள் குறிக்கப்படுவது இதனாலேயே.

ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு இந்நாள் மேலும் ஒரு காரணத்தால் சிறப்புடையது. கார்த்திகையில் கார்த்திகை, திருமங்கையாழ்வாரின் திருநக்ஷத்திரம். அடுத்த நாளாகிய ரோஹிணி, திருப்பாணாழ்வாரின் திருநக்ஷத்திரம். திருக்கார்த்திகையன்று கலியன் பெரிய பெருமாள் திருமுன்பே திருநெடுந்தாண்டகம் விண்ணப்பம் செய்து, மார்கழி சுக்ல ஏகாதசி தொடங்கித் திருவாய்மொழியைத் திருச்செவி சாத்தியருள வேண்டும் என்று வேண்டிப் பெற்றார் என்பது ஸம்ப்ரதாயம். இவ்வரலாற்றைப் பெரியவாச்சான் பிள்ளையின் 'கலியன் அருள்பாடு' விரித்துரைக்கிறது. திருவரங்கத்தில் இன்றும் திருக்கார்த்திகையன்று நம்பெருமாள் சொக்கப்பனை கண்டருளிய பின்னரே நம்மாழ்வாரை அழைக்கும் ஸ்ரீமுகம் வாசிக்கப்படுகிறது. மறுநாள் தொடங்கி அநத்யயன காலம். கூரத்தாழ்வான் திருநக்ஷத்திரமாகிய தை ஹஸ்தம் வரையில் இல்லங்களில் திவ்யப்ரபந்த அநுஸந்தானம் நிறுத்தப்பட்டு, அவரவர் ஸம்ப்ரதாயத்துக்கு ஏற்ப உபதேச ரத்தினமாலை, தேசிக ப்ரபந்தம் முதலியவை ஓதப்படுகின்றன.

ஆகவே வைணவ மரபில் திருக்கார்த்திகைத் தீபம் தனித்து நிற்கும் ஒருநாள் விழா அன்று. அத்யயன உத்ஸவத்தின் நிறைவில் நம்மாழ்வார் எம்பெருமான் திருவடிகளை அடைவதைக் காட்டும் திருவடி தொழலில் சென்று முடியும் நெடிய கிரமத்திற்கு இதுவே வாயில். இத்தொடர்பை முடிவில் மீண்டும் காண்போம்.

விளக்கு செய்வது என்ன?

விளக்கு பொருளைக் காட்டுகிறது என்று உலகோர் கூறுவர். எம்பெருமானார் இதனை நுணுகி ஆராய்ந்துள்ளார். ஸ்ரீகீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில், ஜ்யோதிஸ்ஸுகளுக்கும் ஜ்யோதிஸ்ஸு என்று சொல்லப்படுமிடத்தில் (13.17) அவருடைய பாஷ்யம் கூறுவதன் கருத்து இது: விளக்கு, ஆதித்யன், மணி ஆகியவற்றையும் விளங்கச் செய்வது ஆத்மாவின் ப்ரபையாகிய ஞானமே. விளக்கு முதலியவை பொருளுக்கும் இந்திரியத்துக்கும் உள்ள சேர்க்கையைத் தடுக்கும் இருளை விலக்குகின்றன. அவற்றின் வேலை அவ்வளவே.

இச்சிறு வாக்கியத்தில் பெரிய ஸித்தாந்தம் அடங்கியுள்ளது. இருண்ட அறையில் விளக்கைக் கொண்டுவருகிறோம். மூலையில் இருந்த குடம் தெரிகிறது. குடத்தை விளக்கு உண்டாக்கவில்லை. அது முன்னமே அங்கு இருந்தது. காணும் ஆற்றலையும் விளக்கு உண்டாக்கவில்லை. குருடனுக்கு ஆயிரம் விளக்கு ஏற்றினும் குடம் தெரியாது. காண்பவனுக்கும் காணப்படுவதற்கும் நடுவே நின்ற தடையை மட்டும் அது அகற்றிற்று. காணும் செயல் ஆத்மாவின் ஞானத்தால் நிகழ்ந்தது.

ஆத்மாவையும் அதன் ஞானத்தையும் விளக்குவதற்கும் பூர்வாசாரியர்கள் தீபத்தையே எடுத்தனர். தீபமும் அதன் ப்ரபையும் தேஜோ த்ரவ்யங்களே. ஆயினும் ப்ரபை தீபத்தை விட்டுப் பிரியாது அதனைப் பற்றி நிற்பது. அவ்வாறே ஆத்மா ஞான ஸ்வரூபன். அவனைப் பற்றிநின்று வெளியே பரவும் ஞானம் அவனுக்கு தர்மம். அதுவே தர்மபூத ஞானம். அறையின் மூலையில் உள்ள தீபத்தின் ப்ரபை அறை முழுதும் பரவுவதுபோல, அணுவாகிய ஆத்மா உடலின் ஓரிடத்தில் இருந்தும் அவன் ஞானம் உடல் முழுதும் பரவுகிறது. ஸ்ரீபாஷ்யம் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் ஆத்மாவின் அணுத்வத்தை நிலைநாட்டுமிடத்தில் இந்த உவமை பயன்படுகிறது.

உவமையின் எல்லையும் அறியத்தக்கது. தீபமும் அதன் ப்ரபையும் ஜடங்கள். தமக்குத் தாம் தோன்றாதவை. தர்மபூத ஞானம் ஜடம் அன்று. எனினும் அது தன் ஆச்ரயமாகிய ஆத்மாவுக்கே விளங்குவது. ஆத்மாவோ 'நான்' என்று தனக்குத் தானே தோன்றுபவன். ஆதலின் ஆத்மாவைத் தீபம் என்பது தர்ம தர்மிகளின் தொடர்பை உணர்த்துவதற்கு மட்டுமே. எல்லா வகையாலும் ஒப்புமை கூறுவதாகாது.

அப்படியாயின் ஸம்ஸாரிக்கு ஞானம் குறைந்திருப்பது ஏன் என்னில், கர்மத்தால் அது ஸங்கோசம் அடைந்துள்ளது. குடத்துள் வைத்த விளக்கின் ஒளி குடத்தளவாய் நிற்பதை ஒக்கும் இது. முக்தி தசையில் ஸங்கோசம் நீங்க, ஞானம் இயல்பான விரிவை அடைகிறது. அங்கே புதிதாக ஒன்றும் படைக்கப்படவில்லை. மாசு கழுவுவதால் மணியின் ஒளி உண்டாக்கப்படுவதில்லை. இருந்த ஒளி வெளிப்படுகிறது என்று ஸ்ரீவிஷ்ணுதர்மம் கூறும் பொருளை எம்பெருமானார் எடுத்தாள்வதும் இதற்காகவே.

முன்னே கூறிய இரண்டாவது மயக்கம் இதனால் விலகும். முக்தியில் விரிவது தர்மபூத ஞானம். அதற்கு ஆச்ரயமாகிய ஆத்மா அழிந்தால் விரிவு யாருக்கு? ப்ரபை விரியும்போது தீபம் இல்லாமற்போவது இல்லை. ஆகவே ஒளியைக் கொண்டு ஸ்வரூப ஐக்கியத்தைப் பேசுவது தீப த்ருஷ்டாந்தத்துக்கே முரணானது.

இடைகழியில் ஏற்றிய விளக்கு

இனி, இருளை நீக்கும் அந்த விளக்கை ஏற்றுபவர் யார்? இவ்வினாவுக்கு விடை திருக்கோவலூர் இடைகழியில் உள்ளது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவினதாகிய இடத்தில், மழையும் இருளும் மிக்க இரவில், பொய்கையார், பூதத்தார், பேயார் மூவரும் நின்றனர். நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். பொய்கையாழ்வார் பூமியை அகலாகவும், கடலை நெய்யாகவும், கதிரவனைச் சுடராகவும் கொண்டு விளக்கேற்றினார். பூதத்தாழ்வார் அன்பை அகலாகவும், ஆர்வத்தை நெய்யாகவும், உருகும் சிந்தையைத் திரியாகவும் கொண்டு விளக்கேற்றினார். பேயாழ்வார் திருவையும் திருமேனியையும் கண்டேன் என்றார். முதல் திருவந்தாதி பரபக்தியையும், இரண்டாம் திருவந்தாதி பரஞானத்தையும், மூன்றாம் திருவந்தாதி பரமபக்தியையும் காட்டுவதாகப் பெரியோர் பிரித்துரைப்பர். சரணாகதி கத்யத்தில் எம்பெருமானார் வேண்டிப் பெறுவனவும் இம்மூன்றே.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். எம்பெருமான் பரஞ்ஜோதி. சாந்தோக்யத்தில் விண்ணுக்கு அப்பால் ஒளிர்வதாகச் சொல்லப்பட்ட ஜ்யோதிஸ் பரமபுருஷனே என்று ஜ்யோதிரதிகரணத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. அவன் முன்னிலையில் கதிரவனும் திங்களும் மின்னலும் ஒளிரா என்று கடோபநிஷத் கூறும். அத்தகையவனைக் காண விளக்கு எதற்கு?

ஸமாதானம் வருமாறு. முற்பகுதியில் கண்டபடி விளக்கு காணப்படும் பொருளுக்கு ஒளி தருவதில்லை. தடையாகிய இருளை விலக்குவது. எம்பெருமான்மேல் இருள் இல்லை. இருள் நம் பக்கத்தது. பொய்கையார் ஏற்றிய விளக்கு, உலகம் அவனுடைய உடைமை என்பதை மறைத்த இருளை விலக்கிற்று. பூதத்தார் ஏற்றிய விளக்கு, ஆத்மா அவனுக்கே சேஷம் என்பதை மறைத்த உள்ளிருளை விலக்கிற்று. வெளியிருளும் உள்ளிருளும் நீங்கியபின் மூன்றாமவருக்கு விளக்கேற்றும் வேலை இல்லை. காண்பது ஒன்றே உண்டு.

இவ்வரலாற்றின் வரிசையும் கருதத்தக்கது. விளக்கேற்றிய பின் எம்பெருமான் எழுந்தருளினான் அல்லன். அவன் முன்னமே இடைகழியில் புகுந்து நெருக்கினான். அந்த நெருக்கே ஆழ்வார்களை விளக்கேற்றும்படி தூண்டிற்று. கூடுமிடமும், இரவும், மழையும் அவன் திருவுள்ளத்தால் அமைந்தவை. ஆலையில் கரும்பை நெருக்குவதுபோல மூவரையும் அவன் நெருக்கியதை ஸ்வாமி தேசிகன் தேஹளீச ஸ்துதியில் அநுபவிக்கிறார். ஆகவே விளக்கு அவன் வரவுக்குக் காரணம் அன்று. அவன் வரவே விளக்குக்குக் காரணம். ஸ்ரீகீதையின் பத்தாம் அத்தியாயத்தில் (10.11) அடியார்களின் அஜ்ஞான இருளை ஞானமாகிய தீபத்தால் நானே அழிக்கிறேன் என்று கண்ணன் கூறுவதும், அது கருணையாலேயே என்று சொல்வதும் இதனோடு பொருந்தும். ஏற்றும் கை ஆழ்வாருடையது, ஏற்றுவித்தவன் எம்பெருமான்.

காஞ்சியில் தூப்புல் அருகே திருத்தண்காவில் எழுந்தருளியுள்ள விளக்கொளிப் பெருமாள் இதே பொருளை உணர்த்துகிறார். பிரமனின் வேள்வியைக் கெடுக்க இருள் சூழ்ந்தபோது எம்பெருமான் தானே விளக்கொளியாய் நின்று வேள்வியைக் காத்தான் என்பது அத்தலத்து வரலாறு. தூப்புலில் 1268-ஆம் ஆண்டு அவதரித்ததாகக் கொள்ளப்படும் ஸ்வாமி தேசிகன், அந்த தீபப்ரகாசர் விஷயமாக அருளிய ஸ்தோத்திரத்துக்குச் சரணாகதி தீபிகை என்று திருநாமம் சாற்றினார். சரணம் அடையப்படுபவனும், சரணாகதிக்கு வழி காட்டும் விளக்கும் அவனே என்பது அத்திருநாமத்திலேயே விளங்கும்.

திருமழிசையும் பூவிருந்தவல்லியும்

விளக்கொளி ஆசாரிய பரம்பரையில் எவ்வாறு இறங்கிவந்தது என்பதைச் சென்னைக்கு மேற்கேயுள்ள இரு ஊர்கள் காட்டுகின்றன. பூவிருந்தவல்லிக்கு மேற்கே அண்மையில் உள்ள திருமழிசை, தை மகத்தில் அவதரித்த பக்திஸாரர் ஊர். பல சமயங்களையும் ஆராய்ந்து நின்ற அவரைத் திருத்திப் பணிகொண்டவர் பேயாழ்வார் என்று குருபரம்பரை கூறும். இடைகழியில் கண்டேன் என்றவர் எவரோ, அவரே இங்குக் காட்டுபவர் ஆனார். தான் கண்டதோடு நில்லாமல் பிறரும் காணச் செய்வது ஒளியின் இயல்பு.

திருமழிசைப்பிரான் வரலாற்றில் தீயும் வருகிறது. ருத்ரன் நெற்றிக்கண்ணைத் திறக்க, ஆழ்வார் தம் வலத்திருவடி விரலில் உள்ள கண்ணைத் திறந்தார். அந்த அனலைப் பொறாத ருத்ரன் அவர் உறுதியை மெச்சிப் பக்திஸாரர் என்னும் பெயர் அளித்தான் என்பர். இந்நிகழ்ச்சியை இரு சமயங்களின் போட்டியாக மட்டும் வாசிப்பது போதாது. வேண்டும் வரத்தைக் கேள் என்றபோது, எம்பெருமானைத் தவிர வேண்டுவது ஒன்றும் இல்லாத அநந்ய நிஷ்டையே அங்கே அனலாக வெளிப்பட்டது. ஒரே அக்னி விளக்கில் இருந்தால் காட்டும். காட்டில் பற்றினால் எரிக்கும். ஞானமும் அத்தகையது. அது பரதத்துவத்தைக் காட்டும். பிற பயன்களில் உள்ள பற்றை எரிக்கும். அகல்விளக்கும் சொக்கப்பனையும் திருக்கார்த்திகையில் சேர்ந்து அமைந்திருப்பதை இவ்விரண்டு செயல்களாக அநுஸந்திக்கலாம்.

பூவிருந்தவல்லி, மாசி மிருகசீர்ஷத்தில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் ஊர். இங்கிருந்து பூக்களைக் கொண்டுசென்று பேரருளாளனுக்குச் சாற்றியும், திருவாலவட்டக் கைங்கர்யம் செய்தும் வாழ்ந்தவர் அவர். இளையாழ்வார் தம் உள்ளத்தில் இருந்த சில ஐயங்களை வாய்விட்டுச் சொல்லாமலே, பேரருளாளனிடம் விண்ணப்பிக்குமாறு நம்பிகளை வேண்டினார். ஆறு வார்த்தைகள் விடையாக வந்தன. பரதத்துவம் நானே, பேதமே தரிசனம், உபாயம் ப்ரபத்தி, அந்திம ஸ்மிருதி வேண்டா, சரீர முடிவில் மோக்ஷம், பெரிய நம்பியை ஆசாரியராகப் பற்றுவது. இவையே அவற்றின் கருத்து.

விளக்கு தடையை மட்டும் நீக்குகிறது என்னும் பாஷ்ய வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் காண்பது அரிது. இளையாழ்வார் வேதாந்தத்தைக் கற்றவர், யாதவப்ரகாசரோடு வாதித்தவர். ஞானம் அவரிடம் இருந்தது. ஸம்சயம் என்னும் இருள் மட்டும் நீங்க வேண்டியிருந்தது. ஆறு வார்த்தைகளும் அதனை நீக்கின. அவற்றைக் கொணர்ந்த நம்பிகளோ அகலைப்போல் இருந்தார். தம்மதென்று ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. தொடக்கத்தில் கூறிய இரு மயக்கங்களுக்கும் விடை இவ்வார்த்தைகளிலேயே இருப்பதும் காண்க. பேதமே தரிசனம் என்பது ஒளியில் ஒளி கரைந்து ஒழியும் என்னும் கருத்தை விலக்குகிறது. உபாயம் ப்ரபத்தி என்பது நம் செயலே ஸாதனம் என்னும் கருத்தை விலக்குகிறது. ப்ரபத்தியின் ஸ்வரூபத்தை விளக்குவதில் இரு கலையாருக்கும் வேறுபாடு உண்டாயினும், ஸித்தோபாயம் எம்பெருமானே என்பதில் வேறுபாடு இல்லை.

அர்ச்சிராதி

திருக்கார்த்திகையில் தொடங்கும் கிரமம் ஆழ்வாரின் திருவடி தொழலில் முடிகிறது என்றோம். இடையில் உள்ள வழியின் பெயரே அர்ச்சிராதி. அர்ச்சிஸ் என்பது சுடர். முக்தன் செல்லும் வழி சுடரில் தொடங்கிப் பகல், வளர்பிறை, உத்தராயணம், ஆண்டு என்று மேலேறி, ஆதித்யன், சந்திரன், மின்னல் என்று ஒளிமயமாகச் செல்கிறது. உபநிஷத்துகளும், ஸ்ரீகீதையின் எட்டாம் அத்தியாயமும் (8.24) இதனைக் கூறுகின்றன. திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒன்பதாம் திருவாய்மொழி அவ்வழியில் நிகழும் வரவேற்பை அநுபவிக்கிறது. பிள்ளை லோகாசார்யர் இப்பெயரிலேயே ஒரு ரஹஸ்யம் அருளிச்செய்தார்.

ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், இந்தச் சுடர், பகல் முதலியன வழியிலுள்ள அடையாளங்களோ, தங்குமிடங்களோ அல்ல. முக்தனை அழைத்துச் செல்லும் ஆதிவாஹிகர்களாகிய தேவதைகள் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதாவது, அவ்வழியில் ஒளி ஒரு பொருளாக நிற்பதில்லை. எதிர்கொண்டு உபசரித்து உடன் செல்கிறது. எம்பெருமானால் நியமிக்கப்பட்டு ஒவ்வொருவரும் தம் எல்லைவரை வழிநடத்துகின்றனர். இருளில் தட்டித் தடவிச் செல்லும் சுமை முக்தனுக்கு இல்லை. அந்திம ஸ்மிருதி வேண்டா என்ற பேரருளாளன் வார்த்தையோடு இதனைச் சேர்த்து நினைத்தால், கடைசி நேரத்தில் தன் விளக்கு அணைந்துவிடுமோ என்ற அச்சம் ப்ரபந்நனுக்கு வேண்டாம் என்பது புலனாகும். நினைவு தவறினாலும் நினைப்பவன் அவன். வழியில் சுடர் ஏந்தி நிற்போரும் அவன் அடியார்.

அநுஷ்டானத்தில் கொள்ளத்தக்கது

அவ்வாறாயின் நாம் விளக்கேற்றுவது வீணோ என்னில், அன்று. ஸாதனம் அல்லாதது பயனற்றது என்பது பொருந்தாது. தீபம் எம்பெருமானுக்கு ஸமர்ப்பிக்கப்படும் உபசாரங்களுள் ஒன்று. அவனுக்கு அதனால் நிறையும் குறை ஒன்றும் இல்லை. குழந்தையின் அழகைக் கண்ட தாய் கண்ணெச்சில் படுமே என்று ஆலத்தி வழிப்பதுபோல, பெரியாழ்வார் திருவுள்ளத்தை அடியொற்றி மங்களாசாஸனமாக ஏற்றும் விளக்கு சேஷனுக்கு ஸ்வரூபமான செயல். அதனால் அச்செயலே பேறு.

இக்காலத்தில் இத்தனை விளக்கு ஏற்றினால் இன்ன தோஷம் நீங்கும், இன்ன காரியம் கைகூடும் என்னும் கணக்குகள் எங்கும் பரவியுள்ளன. துன்பத்தில் இருப்பவர் அவ்வாறு ஏற்றுவதை இகழ்தல் நமக்குத் தகாது. ஆர்த்தனையும் கண்ணன் உதாரன் என்றே கூறுகிறான். ஆனால் அதுவே தீபத்தின் பொருள் என்று அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தால், ஆறு வார்த்தைகள் நீக்கிய இருளை நாமே மீண்டும் கொண்டுவந்தவர் ஆவோம். மின்விளக்குகளால் இரவும் பகலாக இருக்கும் நகரப்புறங்களில் கண்ணுக்கு முன்னுள்ள இருளை நீக்க அகல்விளக்கு தேவைப்படுவதில்லை. தேவை இல்லாதபோதும் ஏற்றுகிறோம் என்பதாலேயே அது கைங்கர்யம் என்பது இன்று எளிதில் விளங்கும்.

ஏற்றும் முறையில் இரண்டு கருத்தில் கொள்ளத்தக்கவை. முதலாவது, பெருமாள் ஸந்நிதியில் ஏற்றிய பின்னரே வாயிலுக்கும் மாடத்துக்கும் ஏற்றுவது. ஒளி அவனிடமிருந்து வருகிறது என்பதை இது உணர்த்தும். இரண்டாவது, எண்ணெய் குறையும்போது வார்த்துக் காப்பது. பக்தியை இடையறாத எண்ணெயொழுக்குப் போன்ற நினைவு என்று ஸ்ரீபாஷ்யம் கூறும். சுடர் ஒன்றேபோலத் தோன்றினும் கணந்தோறும் புதிதாக எரிவது. அதுபோலவே நினைவும் ஒருமுறை ஏற்றிவிட்டு மறக்கத்தக்கது அன்று.

திருக்கார்த்திகை மாலையில் விளக்கேற்றியபின் திருநெடுந்தாண்டகம் அநுஸந்தித்து, முதலாழ்வார்கள் இடைகழியில் நின்ற நிலையைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது நன்று. மறுநாள் ப்ரபந்தம் நிற்கும்போது, ஏன் நின்றது என்று அவர்கள் வினவுவர். அவ்வினாவே ஆழ்வார் பரமபதம் செல்லும் நாள் வரை அவர்களை நடத்திச் செல்லும்.